நாலு மணிக்குப் பொய் சொன்ன பெட்டி

மெடிக்கல் ஷாப்பில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கடைக்காரர் ஒரு கையால் மாத்திரை அட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையில் போனை எடுத்தார்.

"எக்சேஞ்ச்! ஏ எக்சேஞ்ச்! தூங்குதா, செத்துப்போச்சா? தேனி கேட்டு எம்புட்டு நேரமாச்சு?"

கத்தி முடித்துவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்தியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னாத்தா, அக்கா சௌக்கியமா? டூட்டிக்குப் போயிருக்காகளா?"

டூட்டிக்குத்தான் போயிருந்தாள். அவர் கத்தியது அவளிடம்தான். கம்பம் டெலிபோன் எக்சேஞ்சில் அந்த நேரம் பகல் ஷிப்டில் போர்டு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டோடு, ஊரில் உள்ள அத்தனை போனுக்கும் கம்பியைச் சொருகிக்கொண்டிருந்தது என் அக்கா. இது அவருக்கும் தெரியும். ஆனால் போனைத் தூக்கியதும் மறந்துபோகிறது. தெருவில் பார்த்தால் "வாங்க தங்கச்சி". போனில் வெறும் எக்சேஞ்ச்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு ரோட்டில் இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆளை மெஷினாக நினைத்துப் பேச முடிகிறதென்றால், மெஷினை ஆளாக வைத்து ஒரு கதை ஏன் எழுத முடியாது?

நான் அப்போது உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், இரண்டாம் வருஷம். வாடகை நூலகத்தில் கிடைத்த விஞ்ஞானக் கதைகள் எல்லாவற்றையும் படித்திருந்தேன், அதிலும் சிலவற்றை பஸ்ஸில் நின்றுகொண்டே. அவற்றில் வரும் எந்திரங்களின் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அவை கதவைத் திறக்கும், கணக்குப் போடும், கடைசி அத்தியாயத்தில் புகைந்து வெடிக்கும். பேசுகிற பீரோ மாதிரி. அவற்றில் ஒன்று வெடிக்கும்போதாவது நான் "ஐயோ" என்று சொன்னதுண்டா? இல்லை. அப்படியானால் அது கதாபாத்திரம் இல்லை, சாமான். 'ஐயோ' என்று சொல்ல வைத்தால்தான் கதாபாத்திரம். இப்படி ஒரு அளவுகோலை நானே செய்து வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை நீட்டிக்கொண்டிருந்தேன்.

கதைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது மட்டும் கிடைக்கவில்லை. அதைக் கொடுத்தது அக்கா. கொடுத்தது அவளுக்கே தெரியாது.

அக்கா எக்சேஞ்சில் கேட்பதை வீட்டில் சொல்லமாட்டாள். வேலைக்குச் சேர்ந்தபோதே, காதில் விழுவது வெளியே போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அப்பா இல்லாத வீட்டில் அவள் வேலைதான் எங்களுக்குக் கூரை என்பதால், அம்மாவும் நானும் கேட்கவும் மாட்டோம். ஐப்பசி மாதம் ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

"ஒருத்தரு தெனமும் நாலு மணிக்குக் குமுளிக்கு ட்ரங்க் கால் போடுறாரு. எதுக்குங்கிற? 'அங்கன மழையா?'ன்னு கேக்க. அந்தப் பக்கம் ஒரு அம்மா, 'மழைதான்'ங்கும். மூணு நிமிசமும் மழைதான்."

"யாருக்கா அது?"

சிரிப்பு நின்றுவிட்டது. "யாருமில்ல. சோத்தத் தின்னு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் உள்ள விசித்திரம் உடனே புரியும். குமுளியில் மழையா இல்லையா என்று தெரிந்துகொள்ள, கம்பத்தில் யாரும் போன் போட வேண்டியதில்லை. வாசலில் வந்து மலையைப் பார்த்தால் போதும். கறுத்திருந்தால் மழை. அப்படியிருக்க ஒருவர் தினமும் காத்திருந்து, மூன்று நிமிஷத்துக்குக் காசு கட்டி வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டு மழையைக் கேட்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது மழை இல்லை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். என் கதையில் எக்சேஞ்சில் ஆட்கள் இல்லை. பள்ளத்தாக்கு முழுமைக்கும் ஒரே ஒரு பெட்டி. எல்லாக் குரலும் அதன் வழியாகத்தான் போகும். அண்ணன் ஒருவர் தினமும் நாலு மணிக்கு மலைமேல் இருக்கும் தங்கையிடம் மழையா என்று கேட்கிறார். தங்கை மழைதான் என்கிறாள். இவர்கள் அண்ணன் தங்கை என்பது என் கற்பனை. காதலர்கள் என்று எழுத எனக்குக் கூச்சம். ஒருநாள் லைன் கெட்டுப்போகிறது. அண்ணன் கேட்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்கிறார். பெட்டி சற்றே தயங்குகிறது. பிறகு அந்தத் தங்கையின் குரலில் அதுவே சொல்கிறது: "மழைதான்." அதோடு கதை முடிந்தது.

எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர் என் வகுப்புத்தோழர்தான். ஒரே கட்டு, ஒரே பிரதி. எல்லாக் கதையையும் அவரே தன் மணியான எழுத்தில் பிரதி எடுப்பார். அட்டையின் உள்பக்கம் வாசகர் பெயர்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். மூன்று நாள் வைத்துப் படித்துவிட்டு, கடைசியில் விட்டிருக்கும் வெள்ளைத் தாள்களில் கருத்து எழுதி, அடுத்த பெயருக்குக் கொடுக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஒருமுறை வரிசை மாறி ஒரு இதழ் காணாமலே போனதிலிருந்து அந்த விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

கதையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுல ஆளே இல்லீங்களே. ரெண்டு கொரலு, ஒரு பொட்டி."

"பெட்டிதாங்க ஆளு."

"அப்ப மாட்டு வண்டிக் கதை எழுதுனா மாடு கதாபாத்திரமா?"

"மாடு நடுரோட்டுல போக மாட்டேன்னு படுத்துச்சுன்னா, கதாபாத்திரம்தான்."

"எங்க சித்தப்பா வண்டி மாடு தெனமும் படுக்குது. அத வச்சு நாவலே எழுதலாம் போங்க." சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு. நம்ம பக்கத்து ஆளு எவனும் மலைக்கு மழை கேட்டுப் போன் போடமாட்டான். நம்புறாப்ல இல்ல."

"அதாங்க கதையே."

போட்டார். எனக்குத் தாங்க முடியாத பெருமை. இதழ் முதல் வாசகரிடம் போன நாளிலிருந்து கல்லூரியில் அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே திரிந்தேன். பன்னிரண்டாம் நாள் நாலாவது வாசகரின் பெஞ்சில் கிடந்தது. இடைவேளையில் கடைசித் தாள்களைப் புரட்டினேன்.

முதல் வாசகர்: 'கதை நன்று. பெட்டிக்கு ஒரு பெயர் வைத்திருக்கலாம்.' இரண்டாமவர்: 'பெட்டி எப்படிக் கதாபாத்திரம் ஆகும்? அதற்கு ஊர் இல்லை, உறவு இல்லை, பசி இல்லை.' அதன் கீழேயே மூன்றாமவர், விடுதி மாணவர்: 'விடுதிச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் இவை எதுவும் இருப்பதில்லை. நானும் பெட்டியா? அந்தப் பெட்டி தயங்கியபோது எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே அது ஆள்தான்.' இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. ஐயோ என்று ஒருவரைச் சொல்ல வைத்துவிட்டேனே.

நாலாவது கருத்து அதற்கு அடுத்த பக்கத்தில், மை கூடச் சரியாகக் காயாமல் இருந்தது.

'இது பெட்டியே இல்லை. இது உண்மையான ஆள். எக்சேஞ்சில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிற யாரோ. எழுதியவர் வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும்.'

விளையாட்டாக எழுதியதுதான். கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் கூட வரைந்திருந்தது. ஆனால் நான் இதழைச் சட்டென்று மூடினேன். என் கதையை யாராவது நம்ப வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டேன். இவர் நம்பிவிட்டார். பெட்டி ஆள்தான் என்றால், எந்த ஆள் என்ற கேள்வி அடுத்து வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கம்பத்தில் பகல் ஷிப்டில் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் ஆண். மற்றவர் அக்கா.

சாயங்காலம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கருத்துக்கு மனசுக்குள் பதில் எழுதிக்கொண்டே வந்தேன். 'அன்புள்ள வாசகருக்கு, அது வெறும் பெட்டிதான். அதற்கு உயிர் இல்லை, மனசு இல்லை. சாமான்.' ஆறு மாதமாக ஊரெல்லாம் நான் பேசியதற்கு நேர் எதிர்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதையின் என் பிரதியைக் கொடுத்தேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பக்கத்திலேயே நிமிர்ந்தாள்.

"நாலு மணின்னேவா எழுதுன?"

"ஆமா."

"குமுளின்னேவா?"

"மலைமேலன்னுதான் எழுதுனேன்..."

"ரொம்பத்தான் மறைச்சிருக்க." மேலே படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பொஸ்தகம் யாரு யாருகிட்டப் போகும்?" என்று கேட்டாள்.

பெயர் வரிசையை எழுதி வைத்திருந்தேன். நீட்டினேன். அவள் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி, ஐந்தாவதில் நின்றது. நின்றே விட்டது.

ஐந்தாவது பெயர் என் சினேகிதி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தரின் இளைய மகள். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, குமுளியில் ஒரு தங்கை உண்டு என்பதும், மூத்த மகளைத் தங்கை மகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்து கடைசியில் வேறிடத்தில் கொடுத்துவிட்டதால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனதும் ஊருக்கே தெரியும். ஒரு வீட்டு விசேஷத்துக்கு மறுவீட்டார் மூன்று வருஷமாக வரவில்லை.

அக்கா பெயரைச் சொல்லவில்லை. விரலை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கற்பனை என்று நினைத்து நான் போட்ட அண்ணன் தங்கை, நிஜமாகவே அண்ணன் தங்கை.

"அவுக வீட்டுலயே யாருக்கும் தெரியாதுடி," என்றாள். "ஆபீஸ் போன்லருந்து, கணக்கப்பிள்ள சாயா குடிக்கப் போற நேரம் பார்த்துத்தான் போடுவாக."

"நாளைக்கே வாங்கிட்டு வந்துர்றேன்க்கா."

மறுநாள் கல்லூரிக்குப் போனால் நாலாவது வாசகர், "கொடுத்தாச்சே" என்றார். கருத்தை எழுதின கையோடு, முன்தினமே கொடுத்துவிட்டாராம். மற்றவர்கள் தவணை தாண்டி வைத்திருப்பார்கள். இவர் ஒருவர்தான் சொன்ன நாளுக்கு முன்னால் முடிப்பவர். சினேகிதி அன்று கல்லூரிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை. மத்தியான வகுப்பை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அனுமந்தன்பட்டி தாண்டும்போது மலையைப் பார்த்தேன். நன்றாகக் கறுத்திருந்தது.

சினேகிதி வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏ புள்ள! உன் கதைதாண்டி இன்னைக்கு எங்க வீட்டுல பேச்சு."

"படிச்சிட்டியா?"

"நான் மட்டுமா? வெள்ளிக்கெழம தொழுதிட்டு வந்து சாப்பிட்டதும் அத்தாவுக்கு நான்தானே எதையாச்சும் படிச்சுக் காமிப்பேன். கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்துத் தெரியாது அவுகளுக்கு. இன்னைக்கு ஒன்னோடதப் படிச்சேன்."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணுஞ் சொல்லல. கடைசிப் பக்கத்த மட்டும் இன்னொருக்காப் படின்னாக. படிச்சேன். அப்பறம் பென்சில் கேட்டு வாங்கிட்டுப் பொஸ்தகத்த ஆபீசுக்குக் கொண்டு போய்ட்டாக. எங்க அத்தாவுக்கு ராக்கெட் கதை புடிக்கும்னு எனக்கே தெரியாதுடி!"

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. சாயா குடிக்கச் சொன்னாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைக்கு நாலு மணிக்குக் கால் வரவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்தது. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிறு அவளுக்கு விடுமுறை. திங்கள் இல்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, குமுளிப் பக்கமிருந்து கேட்டார்களாம்: "கம்பம், அந்த நம்பர் இன்னைக்கும் புக் பண்ணலையா?" அங்கே உள்ள ஆபரேட்டருக்கும் பழக்கமாகிவிட்ட கால் அது. இல்லை என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த காலுக்குப் போர்டில் தவறான ஓட்டையில் சொருகிவிட்டாளாம்.

எங்கள் வீட்டில் அந்த நாட்கள் முழுக்க வாசலில் சைக்கிள் நின்றாலே இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். ராவுத்தர் ஒரு தாளில் நாலு வரி எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினால் போதும். விசாரணை வரும். எப்படியும் தானாகவே லைன் கொடுக்கும் ஆட்டோமேடிக் எக்சேஞ்ச் வரப்போகிறது, ஆட்களைக் குறைப்பார்கள் என்று பேச்சு இருந்த நேரம். அம்மாவுக்கு மட்டும் எதையும் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் என்னத்தத் தொலைச்சீக?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் துணி அலசும்போது அக்காவிடம் கேட்டேன். "வேலை போயிருமாக்கா?"

"வேலை ஒரு பக்கம்." சேலையை முறுக்கிப் பிழிந்தாள். "ஒனக்கு யாருடி சொன்னா?"

"எத?"

"பொட்டி பொய் சொன்னத."

"யாரும் சொல்லலக்கா. நானா எழுதுனேன். அதுக்காகத்தானே கதையே."

என்னை நம்பலாமா என்பது போலப் பார்த்தாள். பிறகு சொன்னாள். போன மாசம் காற்றடித்த ஒரு நாள். லைன் முழுக்க இரைச்சல். இந்தப் பக்கம் ராவுத்தர், "மழையா, மழையா" என்று கத்துகிறார். அந்தப் பக்கம் அந்த அம்மா ஏதோ சொல்கிறார்; வழக்கமான ஒற்றை வார்த்தை இல்லை, நீளமாக. ஆனால் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, கேட்டதை எடுத்துச் சொல்வது வழக்கம். அவர் கேட்டார்: "என்னம்மா, என்ன சொல்றாக?"

"நான் 'மழைதான்னு சொல்றாக'ன்னுட்டேன்," என்றாள் அக்கா. "மூணு நிமிசம் முடிஞ்சுபோச்சு. அந்த மனுசன் கொரல் அப்பிடி இருந்துச்சு. ஒண்ணும் கேக்கலன்னு சொல்ல மனசு வரல."

"மறுநாள் அவுக பேசுனாகளா?"

"பேசுனாக. பழையபடி மழைதான். அன்னைக்கு என்ன சொன்னோம்னு அந்த அம்மா மறுக்காச் சொல்லல. கேட்டுருச்சுன்னு நெனச்சிருக்கும். இவுகளும் கேக்கல. கேக்க வேண்டியது இருந்துச்சுன்னே இவுகளுக்குத் தெரியாதுல்ல?"

பிழிந்த சேலையை மறுபடி வாளித் தண்ணீருக்குள்ளேயே போட்டாள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு தங்கை முதல்முதலாக மழையைத் தவிர வேறு எதையோ சொல்லியிருக்கிறாள். அதன் மேல் என் அக்கா மழையைப் போட்டு மூடிவிட்டாள். எதுவும் தெரியாமலே நான் அதைக் கதையாக எழுதி, பெட்டியின் நல்ல மனசைப் பாராட்டி, கைதட்டலுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

புதன்கிழமை சினேகிதி இதழைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தாள். ஆறாவது வாசகரிடம் கொடுப்பதற்கு முன் அதை வாங்கிக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் போய்ப் பிரித்தேன். நாலாவது கருத்தின் சிரிக்கிற முகத்துக்குக் கீழே, பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் இருந்தது:

'கதையில் வரும் பெட்டி நல்ல எண்ணமுள்ளதுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பக்கத்தில் உண்மையாகவே என்ன சொன்னார்கள் என்று கதையில் வரவில்லை. அடுத்த இதழில் தெரிவிக்கவும்.'

அவ்வளவுதான். கையெழுத்து இல்லை. கோபம் இருக்கிறதா என்று பென்சிலின் அழுத்தத்தைத் தடவிக்கூடப் பார்த்தேன். அந்தப் பெட்டி கதாபாத்திரமா இல்லையா என்று இரண்டு பக்கத்துக்குச் சண்டை நடந்திருக்கிறது. இவர் அந்தச் சண்டைக்குள் வரவே இல்லை. அது ஆள் என்று எடுத்துக்கொண்டு, ஆளிடம் கேட்கிறது போல ஒரு கேள்வி கேட்டுவிட்டார். ஆளாக இருந்தால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

அக்காவிடம் அந்த வரிகளை ஒப்பித்தேன். சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

"போயி நேர்ல சொல்லிறவாக்கா?"

"என்னன்னு? 'எங்கக்கா ஒட்டுக் கேட்டா, பொய்யுஞ் சொன்னா'ன்னா? அந்தப் புள்ள முன்னாடி, அவுக அம்மா முன்னாடி? அவுக ரகசியமும் போகும், என் வேலையும் போகும்."

"அப்ப?"

தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "கதையில கேட்டாக. கதையிலயே சொல்லிரு."

"எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிருமேக்கா. நாளைக்கு யாராச்சும் அதையே கொண்டு போய்க் காமிச்சா?"

"பொட்டிதானே சொல்லுது," என்றாள். அவள் குரலில் தைரியம் இருந்ததா, அலுப்பு இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நாலு மணிய மாத்திராத. அவுகளுக்குத் தெரியணும்."

அடுத்த இதழுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. நாலு மணிக் கால் இன்னும் வரவில்லை. போன கதையில் பெட்டியைப் பற்றி நான் சொன்னேன்; இந்தத் தடவை பெட்டியே பேச வேண்டும். பாவம் பார்த்து அழக்கூடாது, மன்னிப்புக் கேட்டு நீட்டக்கூடாது. அன்றைக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது, அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள், எனக்கு விளங்கவில்லை, மழை என்று சொன்னது நான், நீங்களே கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். முதல் வரியை மூன்று விதமாக எழுதி அடித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பெட்டி என்னைப் போலவே பேசுகிறது. அது அக்காவைப் போலவும் பேசக் கூடாது. பேசினால் நாலாவது வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

அதற்கு முன் இன்னொரு வேலை. நாளைக்கு ஆசிரியரைப் பார்த்து, வரிசையை இந்த ஒரு தடவை மாற்றி, ஐந்தாவதாக இருக்கும் சினேகிதியின் பெயரை முதலில் போடச் சொல்ல வேண்டும்; ராவுத்தர் இன்னும் பன்னிரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. ஏன் என்று கேட்பார். என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.